தத்தா பாபுவின் பக்தி

என் கணவர் வேதாச்சலத்துக்குப் பக்தி அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஊரில் இத்தனை கோயில் இருக்க, எங்கள் கடைச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் போய்ப் பிடித்துக்கொண்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் பிழைக்க வந்த வங்காளத்தில், ராஷ்பிஹாரி அவென்யூவில் எங்கள் டிபன் கடை இருக்கும் கட்டடத்துக்கு வயது நூறுக்கு மேல். வளைவு ஜன்னல், பூவேலை செய்த இரும்புக் கம்பி, தெருவை எட்டிப் பார்க்கும் பால்கனி எல்லாம் உண்டு. பாரம்பரியக் கட்டடம், இடிக்கக் கூடாது என்று ஒரு பலகை. பக்கத்திலேயே, ஆபத்தான கட்டடம், ஜாக்கிரதை என்று இன்னொரு பலகை. இரண்டையும் படித்துவிட்டு இட்லி சாப்பிட வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கன்று முளைத்த அன்றே பிடுங்கச் சொன்னேன்.

"அரசு, கல்யாணி! பிள்ளையார் இருக்கிற இடம்" என்று மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் ஒரு குட்டிப் பிள்ளையாரையும் உட்கார வைத்தார். போதாதா? வங்காளிகளுக்கு அரசமரத்தடி என்றால் சனி பகவான். அடுத்த சனிக்கிழமையே எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியுமாக ஒரு கூட்டம். கும்பிட்ட கையோடு உள்ளே வந்து தோசையும் சாப்பிட்டார்கள். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டடத்தின் சொந்தக்காரர் தத்தா பாபுவும் சனிதோறும் வந்து விழுந்து கும்பிட்டார். வேருக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார். தன் செலவில் பளிங்கு மேடைகூடக் கட்டினார். ஒழுகும் குழாயை மாற்றச் சொல்லி நான் வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர்!

இந்த வருஷம் வேர் சுவரைத் துளைத்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தது. பெஹாலாவிலிருந்து கொத்து வேலை மிஸ்திரியை வரவழைத்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, மரத்தை எடுக்காவிட்டால் வரும் மழைக்கு நிற்காது என்றார். குங்குமத்தைப் பார்த்ததும் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாமிமேல நான் கை வைக்க மாட்டேன் அண்ணி. ஆனா ஒண்ணு, கட்டடம் தானா விழுந்துட்டா அந்த இடிக்கக் கூடாதுங்கிற பலகை என்ன செய்யும்? உங்க தத்தா பாபு ஜம்முனு அடுக்குமாடி கட்டிக்கலாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த ஆளு கும்பிட்டது சாமியை இல்லீங்க, விரிசலை!" என்று கணவரிடம் கத்தினேன். "சுவர் விழுந்தா கடையும் போச்சு, உள்ள உட்கார்ந்து சாப்பிடறவங்களும் போச்சு."

"யார் பக்தியையும் சந்தேகப்படாதே."

"அப்ப சாமியை உள்ள கூட்டிட்டு வாங்க. வெறும் மரத்தை வெட்டலாம்."

மறுநாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து மரத்துக்குக் கற்பூரம் காட்டினார். எங்கள் ஊர்ப்பக்கம் மரம் வெட்டுமுன் சொல்வதுபோல, "இதுல குடியிருக்கிறவங்க மன்னிச்சு வேற இடம் பார்த்துக்குங்க" என்றார். பிள்ளையாரை மார்போடு அணைத்துக் கொண்டுபோய்க் கல்லாப் பக்கம் வைத்தார். தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்து வந்தவர் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டார்.

அதற்குள் யாரோ சொல்லி தத்தா பாபு ஓடி வந்தார். "பாபம்! மகா பாபம்!" என்று மரத்தை மறைத்து நின்றார்.

என் கணவர் அரிவாளைக் கீழே வைத்தார். தொலைந்தது கடை என்று நினைத்தேன்.

"பாபு, சாமி உள்ள இருக்கார்" என்று கதவை அகலத் திறந்து பிடித்தார். "வாங்க, தரிசனம் பண்ணுங்க. இனிமே தினமும் வரலாம்."

தத்தா பாபு உள்ளே பார்க்கவேயில்லை. இரண்டு கையையும் விரித்து மரத்தையே காத்து நின்றார்.

என் கணவர் கதவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் காத்திருந்தார். அப்புறம் கதவை விட்டுவிட்டு அரிவாளை எடுத்தார்.

"கல்யாணி, ஸ்டூலைப் பிடி" என்றார்.