காதுக்காரர் போட்ட மார்க்

"அவளுக்கு யார் சொன்னது?" என்று மகன் கத்திய கத்தலில், வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் ஒன்றைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன். என்ன இப்ப?" சின்னவளும் விடவில்லை.

"அப்பா இருந்தவரைக்கும் அவ பேரை வாய்ல எடுத்தாரா? சொல்லு."

"அதுக்காக? பெத்த பொண்ணு வராம வண்டியில ஏத்திடுவியா?"

"எல்லையைத் தாண்டி அவ வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். வண்டி மத்தியானத்துக்கே சொல்லியாச்சு. அம்மா, நீயே சொல்லு."

நடுவில் குளிர்பெட்டிக்குள் காதுக்காரர், இருந்த காலத்தைப் போலவே, எந்தப் பக்கமும் பேசாமல் படுத்திருந்தார்.

காதுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பக்கத்து நாட்டு வானொலிகள் நம்மைப் பற்றி என்ன பேசுகின்றன, அந்தப் பேச்சு நம் வீடுகளுக்குள் எவ்வளவு தெளிவாக வந்து விழுகிறது என்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதுதான் அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. கேட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார். ஐந்து என்றால் அடுத்த அறையில் பேசுவதுபோல. ஒன்று என்றால் வெறும் இரைச்சல். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கச் சம்பளமா என்று எங்கள் தெருவுக்கு நெடுநாள் பொறாமை. நாங்கள் இலவசமாகச் செய்துவந்த வேலை அது.

அவர் மனைவி நேரெதிர். "அவர் காதுல வாங்குற ரகம், இந்தம்மா வாயால விடுற ரகம்" என்று தெருமுனைப் பல் டாக்டர் ஒருமுறை சொன்னது தெருவில் அப்படியே நிலைத்துவிட்டது. அன்று காலையும் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, குழாய்க்காரன் நேற்று வருகிறேன் என்றான், வரவில்லை, இந்த வீட்டில் யாருக்காவது அக்கறை உண்டா. ஜன்னலோரம் ஹெட்ஃபோனுடன் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து பதில் இல்லை. பதில் வராதது வழக்கம்தான். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்ததுதான் வழக்கமில்லை. கையைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அதற்குள் எறும்பளவு குரல் ஒன்று ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைப்பதுபோல ரேடியோவைத் திருகி அணைத்தாள். அப்புறம்தான் அலறினாள்.

பெரியவள் பக்கத்து நாட்டுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனது பழைய கதை. அங்கே வானொலியில் நம் மொழியில் செய்தி வாசிக்கிறாள் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. காதுக்காரர் அதைத் தொடவில்லை. "கேக்குதாங்க?" என்று மனைவி கெஞ்சியபோது, "இங்க எட்டல. வெறும் இரைச்சல்" என்றார். அவளும் அவ்வப்போது அவரிடம் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் "இரைச்சல்தான்" என்றார். நாங்களும் எங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திருகாமல் இல்லை. எந்த அலைவரிசை, எந்த நேரம் என்று தெரியாமல் திருகியதில் சீட்டிதான் அடித்தன. காதுக்காரருக்கே கேட்கவில்லை என்றால் வேறு யாருக்குக் கேட்கப்போகிறது?

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன்" என்றான் மகன்.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் பெண்ணைத் தலைமுழுகியவரா, இல்லையா? தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பெட்டிக்குள் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் கையில் பையோடு மேட்டு நிலையத்துக்காரர் வந்தார். இதே வேலையை மலைமேல் இருந்த இன்னொரு அலுவலகத்தில் பார்த்துவந்தவர், காதுக்காரரின் ஒரே சிநேகிதர். பெட்டியருகே நின்றார், மூக்கைத் துடைத்தார், உட்கார்ந்ததும் கேட்டார்: "பெரிய பொண்ணு கிளம்பியாச்சா? நேத்துகூடக் கேட்டேன். வெங்கலம் மாதிரி குரல்."

"எங்க கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்லதான். எங்க மேட்டுல தினம் நாலு, நல்ல நாள்ல அஞ்சு."

"இங்க எட்டாதுன்னு சொன்னாரே."

மேட்டு நிலையத்துக்காரர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். மடிக்க இடமில்லாத அளவுக்கு மடித்தார். "சொல்லுங்க அங்கிள்" என்றாள் சின்னவள்.

"எங்களைவிட நீங்கதான் எல்லைக்குக் கிட்ட. எங்களுக்கு நாலுன்னா இங்க அஞ்சு வரணும். இவர் ஒண்ணுதான் போடுவார். வருஷக்கணக்கா ஒண்ணு. காதுல அடைப்பான்னுகூடக் கேட்டேன். நடுவுல குன்று மறைக்குதுன்னார். இங்க ஏதும்மா குன்று? சீனியர் பேச்சுன்னு மேலிடம் நம்பிடுச்சு."

"ஒண்ணு போட்டா என்ன, அஞ்சு போட்டா என்ன?"

"நல்லாக் கேக்குதுன்னு சொன்னா, அது மேலயே நம்ம ஆளுங்க இரைச்சலை ஏத்தி அமுக்கிடுவாங்க. கேக்காத ஸ்டேஷனை எவன் சீண்டுவான்?"

"அதெல்லாம் இல்ல" என்றான் மகன். குரலில் பழைய சுருதி இல்லை. "அவ மேல கோவம். ஃபெயில் போட்டிருக்கார்."

"இருக்கலாம் தம்பி. கோவத்துல போட்டாலும் ஒண்ணுதான், பாசத்துல போட்டாலும் ஒண்ணுதான். மார்க்கைப் பாத்துச் சொல்ல முடியாது."

"சரி, என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் மனைவி.

சின்னவள்தான் பதில் சொன்னாள். "உன்கிட்ட சொல்லியிருந்தா, அவ செய்தியை முடிக்கறதுக்குள்ள விஷயம் நாலாவது வீட்டுக்குப் போயிருக்கும்மா. அங்கிருந்து ஆபீஸ் என்ன ரொம்ப தூரமா?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்."

வாசலில் நின்ற நாங்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

இத்தனை வருஷம் ஒரு தாயைச் செவிடாக்கி வைத்தாரே, அது மகளைக் காப்பாற்றவா? இல்லை, ஒரே மார்க்கில் இரண்டு பேரையும் தண்டித்தாரா? அழ வேண்டுமா, சண்டை பிடிக்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடிக்கவும் ஆள் இல்லை. திடீரென்று கேட்டாள்: "வீட்லயும் கேட்டு மார்க் போடணுமா உங்க ஆபீஸ்ல?"

"வீட்லயா? எந்த ஆபீசர் சொன்னான்?"

"தினம் காலைல மாட்டிக்கிட்டு உக்காருவார். கேட்டா ஆபீஸ் வேலைம்பார்."

மேட்டு நிலையத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"வண்டிக்காரனுக்குப் போன் பண்ணுடா" என்றாள். "அவ வரட்டும்."

"அம்மா…"

"எனக்கு ஒரு எழவும் புரியல. புரியாம அவரை அனுப்ப மாட்டேன்."

பெரியவள் வந்து இறங்கியபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வானொலிக் குரலைக் கேட்கலாம் என்று காத்திருந்த எங்களுக்கு ஏமாற்றம்தான். வழியெல்லாம் அழுததில் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. மகன் எழுந்து இடம் விட்டான். அவள் பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். வெகுநேரம் கழித்து அம்மா கேட்டாள்.

"காலைல எங்க இருந்தே?"

"ஸ்டூடியோவுலம்மா. செய்தி வாசிச்சிட்டிருந்தேன். வெளிய வந்தப்புறம்தான் தங்கச்சிகிட்டருந்து போன் வந்துச்சுன்னு சொன்னாங்க."

அம்மாவின் வலதுகை விரல்கள், எதையோ திருகுவதுபோல ஒருமுறை அசைந்து நின்றன.

"போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வா" என்றாள்.

காலையில் எந்தக் குரலை அணைத்தாள் என்பதை அவள் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கண் டாக்டர், வாயே திறக்காதவர் என்று கேள்வி. மகன் மாற்றல் வாங்கிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போனான். வீட்டில் இப்போது டிரைவிங் ஸ்கூல்காரர் குடியிருக்கிறார். அம்மா எல்லை தாண்டிப் பெரியவளோடு போய்ச் சேர்ந்தாள். அவர்கள் குடியிருப்பு ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அடியிலேயாம். அங்கே அலை அவ்வளவு பலமாம், கொல்லைப்புறத்தில் துருப்பிடித்த கம்பிவேலி இருக்கிறதே, அது தானாகவே பேசுமாம். கிட்டே நின்றால் வார்த்தை வார்த்தையாகக் கேட்குமாம். இதையெல்லாம் யார் போய்ப் பார்த்தது? பார்த்துவிட்டு வந்த சின்னவள் சொன்னதுதான். வேலியில் துணி உலர்த்தக் காலைச் செய்தி நேரத்தில் அம்மாதான் போகிறாளாம், வேறு யாரையும் விடுவதில்லையாம். துவைக்காத நாட்களிலும் போகிறாளாம்.