குழந்தை பார்க்க வந்த எரிமலை

இருட்டிக் கொஞ்ச நேரத்தில், தெருமுனையில் யாரோ கிரைண்டர் கல்லைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடைப்பட்டி எரிமலை நடந்து வந்துகொண்டிருந்தது. பெனிட்டாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே தெரியும். கல்யாணமானதிலிருந்து குழந்தை உண்டாகும்வரை சனிக்கிழமை தவறாமல் அதன்மேல் ஏறி இறங்கியவள். ஆனால் அது தன் இடத்தில் இருந்தபடி உறுமித்தான் கேட்டிருக்கிறாள். வீட்டுத் தெருவில் கேட்டதில்லை.

சேலைத் தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

“ஏங்க, அது எதுக்கு இந்தப் பக்கம் வருது?”

ஜெரால்டு கொடியிலிருந்து நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டான். “நான்தான் வரச் சொன்னேன்.”

திண்டுக்கல்லில் பைபாஸைத் தாண்டினால் எரிமலைகள்தான். மற்ற ஜோடிகள் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறும்போது, இவர்கள் இருவரும் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு பைக்கில் எரிமலைக்குப் போவார்கள். அடி உருகிவிடும் என்பதால் பழைய செருப்பாகப் போட்டுக்கொள்வார்கள். ஆறின பாலில் ஆடை சுருங்கின மாதிரி மடிந்து கிடக்கும் கரும்பாறையில் நடப்பார்கள். சூடான சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவிட்டு, விளிம்புவரை ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் கிழங்கு பதமாக வெந்திருக்கும். எப்போதும் பெனிட்டாதான் முன்னால் ஏறுவாள். “கான்வென்ட்ல படிச்ச பொண்ணுன்னுதான் சொன்னாங்க, மலையாடுன்னு ஒருத்தரும் சொல்லல” என்று மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வருவான் ஜெரால்டு.

வயிற்றில் குழந்தை தங்கியபின் அவள் போகவில்லை. அவன் மட்டும் போய்வந்துகொண்டிருந்தான்.

“போன வாரம் புகையை நிறுத்திட்டு என் பின்னாடியே பார்த்துச்சு, நீ வர்றியான்னு. பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சொன்னேன். கிளம்பும்போது, ஒரு நாள் வீட்டுக்கு வாங்கன்னேன். சும்மாதான்.”

“சும்மாவா?”

“எல்லார்கிட்டயும் சொல்றதுதானே. யாரு வர்றாங்க?”

அது உண்மை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட, வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க என்று சொல்லி அனுப்புகிறவன் அவன்.

“கதவைச் சாத்திரலாம்.”

“கூப்பிட்டுட்டு சாத்தினா நல்லாவா இருக்கும் பெனி?” கதவை விரியத் திறந்து வாசல் விளக்கையும் போட்டான்.

மாடிவீட்டுச் சகாயமேரி அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரல் கொடுத்தாள். “பெனிட்டா, உங்களுக்கு ஆள் வந்திருக்கு பாரு. சுவர்ல உரசாம வரச் சொல்லு, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கோம்.”

எரிமலை உரசவில்லை. தெருவின் அகலத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு, வாயில் புகையை அடக்கிக்கொண்டு, பெரிய மனிதத் தோரணையோடு வந்து நின்றது. வெறுங்கையோடும் வரவில்லை. குழந்தைக்கென்று பளபளப்பான கருங்கண்ணாடிக் கல் ஒன்று கொண்டுவந்திருந்தது. ஆனால் அது மிதித்த இடமெல்லாம் தார் இளகிக் குழிந்திருந்தது. அடிவாரம் முழுக்கச் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு அறைதான்.

பயம் வந்தால் குரலை உயர்த்தக் கூடாது, நிமிர்ந்து நின்று முழு வாக்கியமாகப் பேச வேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கியிருந்தார்கள். பெனிட்டா நிலைப்படியில் நிமிர்ந்து நின்றாள்.

“வாங்க. வெளியிலிருந்து வர்றவங்க கால் கழுவிட்டுத்தான் குழந்தையைப் பார்க்கணும். குழாய் அந்தப் பக்கம் இருக்கு.”

“பெனி, அதுக்குப் போய் தண்ணி...” என்று ஜெரால்டு காதருகே இழுத்தான்.

“எங்கம்மாவே கழுவிட்டுத்தான் வந்தாங்க. பிஷப் வந்தாலும் இதேதான்.”

எரிமலை மறுபேச்சில்லாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனது. அரைகுறையாகக் கழுவுகிற பழக்கம் அதற்கு இல்லை. குதிகால்வரை தேய்த்துக் கழுவியது. எழுந்த ஆவியில் கொடித் துணியெல்லாம் மறுபடி நனைந்தது. சிவப்பு பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. தொட்டித் தண்ணீர் தீர்ந்தபோது அதன் அடி தரையோடு தரையாக இறுகியிருந்தது. அடுத்த எட்டு எடுத்துவைக்க முயன்று பார்த்தது. முடியவில்லை. அப்படியே அங்கேயே நின்றுகொண்டது.

பெனிட்டா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கம் கலையாமல் எடுத்துவந்து, பின்பக்க ஜன்னல் வழியாகக் காட்டினாள். எரிமலை வெகுநேரம் பார்த்தது. பிறகு கல்லை ஜன்னல் விளிம்பில் வைத்தது. அவள் அது ஆறட்டும் என்று விட்டுவிட்டு, குழந்தையைத் திரும்பத் தொட்டிலில் கிடத்தினாள்.

“தங்கமான மனுசன்” என்றான் ஜெரால்டு. “இனிமே சனிக்கிழமை பைக்குக்குப் பெட்ரோல் மிச்சம். கொல்லைக்குப் போனாப் போதும்.”

“குழாய்த் தண்ணி அடுத்து என்னைக்கு வருதுன்னு கேட்டு வைங்க” என்றாள் அவள்.

அவன் பதில் சொல்வதற்குள் தெருவில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அறைவது போல, விட்டுவிட்டு. உப்பு வாடை வந்தது.

“இது யாரு?”

ஜெரால்டு கொஞ்சம் யோசித்தான். “கல்யாணம் ஆன புதுசுல வேளாங்கண்ணி போனோம்ல. கிளம்புறப்ப...”

“கடலையுமா?”

“சும்மாதான்.”

கடலைக் கால் கழுவச் சொல்ல வழியில்லை. அது கழுவிக்கொண்டேதான் வந்தது. பெனிட்டா பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். தொட்டில் சேலையை எட்டினமட்டும் உயர்த்தி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, நிமிர்ந்து நின்று, “வாங்க” என்றாள்.

அலைகள் ஒன்றையொன்று இடிக்காமல், ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடைசி அலையும் நிலைப்படியைத் தாண்டிய பின், இன்னும் யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறான் என்று அவனிடம் கேட்காமலே, கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.