கஞ்சி வடித்த கை

கோயில் திருவிழாவுக்கு அண்டாச் சோறு வடிக்கணும்னா எங்க ஊரு ரந்தாவ்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. துணியைச் சுத்தி அண்டாவைச் சாய்ச்சேன்னா ஒரு பருக்கை கீழ விழாது. அறுபது வயசுல எனக்குத் தெரிஞ்ச சமையல் அவ்வளவுதான். பேச்சு மட்டும் பெரிய சமையல்காரன் பேச்சு.

என் வீட்டுக்காரி மோகனா எது ஆக்கி வச்சாலும் முப்பத்தோரு வருஷமா நான் சொல்றது ஒரே வார்த்தை, "பரவால்ல." அதுக்கு மேல சொன்னா அவளுக்குத் தலைக்கனம் வந்துடும்னு ஒரு நினைப்பு. தலைக்கனம் யாருக்குன்னு கேட்காதீங்க.

இந்த ஸ்கூல் லீவுல மக ரோகினி எங்களை புக்கிட் பெலண்டோக்குக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க பழைய எஸ்டேட் துரை பங்களாவை ஆளுங்க தங்குற ஹோம்ஸ்டே ஆக்கிட்டாங்க. சனிக்கிழமை காலையில இத்தாலியன் சமையல் வகுப்பு வேற. சமையல் என்னா பெரிய வித்தையான்னு நான் வாய விட்டேன். ரோகினி உடனே என் பேரைக் குடுத்துட்டா. மோகனா சிரிச்சா. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இன்னிக்கு இவ வாயால 'நல்லா இருக்கு'ன்னு சொல்ல வச்சே தீரணும்னு ஏப்ரன் கட்டப் போனேன். கயிறு என் வயித்தைச் சுத்தி வர மாட்டேன்னுடுச்சு.

சொல்லிக் குடுக்க வெள்ளைக்காரன் வருவான்னு பார்த்தா, நம்ம பக்கம் லோபாக்ல இருந்து நட்டாலின்னு ஒரு தமிழ்ப் பொண்ணு வந்துச்சு. இத்தாலியில ஆறு வருஷம் வேலை செஞ்சிச்சாம். நான் மாவை ரொட்டி சானாய் கணக்கா வீசப் போக, வீச வேணாம் லா அங்கிள்னு கெஞ்சுச்சு.

மாவைத் தேய்ச்சு பாஸ்தாவுக்கு நாடா நாடாவா வெட்டி, உப்பு அள்ளிப் போட்ட தண்ணியில வேக வச்சோம். ஆறு பேருக்கும் ஒரே பானை. சாஸ் மட்டும் ஆளுக்கொரு சட்டியில. நட்டாலி சாஸ் சட்டிங்களைக் கவனிக்க அந்தப் பக்கம் திரும்புச்சு. பானை தளதளன்னு கொதிக்குது. என் கை சும்மா இருக்குமா? துணியை எடுத்தேன், சாய்ச்சேன், சிங்க்ல வடிச்சுக் கொட்டிட்டேன். ஒரு நாடா கூட விழல. பெருமையா நிமிர்ந்தேன்.

"அங்கிள், அந்தத் தண்ணியிலதான் சாஸே சேரும்."

அஞ்சு பேரும் என்னையே பார்த்தாங்க. மானம் போச்சு. தண்ணிதானே வேணும்னு பைப்புத் தண்ணியில ஒரு கைப்பிடி உப்பைக் கரைச்சு, யாரும் பார்க்காதப்ப என் சட்டியில ஊத்திட்டேன்.

மோகனா வராந்தாவுல காலை நீட்டி உட்கார்ந்திருந்தா. தட்டை வச்சுட்டுப் பக்கத்துலயே நின்னேன். ஒரு வாய் எடுத்தா. மென்னா. நான் அவ முகத்தையே பார்த்தேன். தினமும் கையில கரண்டியோட இவ இப்படித்தானே என் பக்கத்துல நிப்பான்னு அப்பதான் உறைச்சது.

அவ மிச்சம் வைக்காம சாப்பிட்டா. ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சா. நான் தட்டு ஓரத்துல விரல் வச்சு நக்கினேன். வாய்ல வைக்க முடியல, ஒரே உப்பு.

"எப்படி இருக்கு?"

மோகனா வாயைத் துடைச்சா.

"பரவால்ல."

எனக்குக் கோபம் வரல, அழுகைதான் வந்துச்சு.

மறுநாள் வீட்டுல ரசம் ஊத்தினா. நல்லா இருக்குன்னு சொன்னேன். கரண்டி அப்படியே நின்னுடுச்சு. மோகனா என் நெத்தியில புறங்கையை வச்சுப் பார்த்துட்டு உள்ள திரும்பி, "ரோகினி, அப்பாவுக்கு உடம்பு சுடுதான்னு வந்து பாரு"ன்னா.