பெற்றவள் உடன் வரவேண்டும்

திருநெல்வேலி டவுணுக்குக் குழந்தைகளுக்கென்றே ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்றதும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைப் பட்டணத்தில் படித்தவர், கைராசிக்காரர், குழாயைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் அவருக்குக் கேட்கும் என்றார்கள். கேட்கட்டும். தன் வீட்டு வாசலில் நடப்பது மட்டும் அவருக்குக் கேட்காது. அதைக் கவனிக்கச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை உட்கார்த்தியிருந்தார். அந்த ஆள்தான் ரைட்டர் சிவசைலம்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. சீட்டை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. பெற்றவள் உடன் வராத பிள்ளைக்கு வைத்தியம் இல்லை. இந்தக் கடைசி வரி பிறகு சேர்ந்தது. ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளையை வேலைக்காரி தூக்கிவந்து மருந்து வாங்கிப் போனாள். பிள்ளை இறந்துபோயிற்று. யாரைக் கேட்டு மருந்து கொடுத்தாய், கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார் என்று தகப்பன் குதித்தான். மறுநாள் பலகையில் அந்த வரி ஏறிவிட்டது. டாக்டரைக் காப்பாற்ற எழுதினார்கள். பிள்ளைகள் பாடு பிள்ளைகளோடு.

பிரம்மநாயகி இந்த வரியில்தான் வந்து மாட்டிக்கொண்டாள். ரெவினியூ குமாஸ்தா குற்றாலலிங்கத்தின் மனைவி. மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள்.

சேட்டை பண்ணுகிற பிள்ளையை, “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று நாமெல்லாம் கேலி செய்கிறோம். அவள் வீட்டில் அது கேலி இல்லை. நாலாவது பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும், அதை முறத்தில் கிடத்தி, மேலப்பாளையத்திலிருந்து துண்டும் சேலையும் விற்க வருகிற அலிமா பீவியிடம் நீட்டினார்கள். அவள் ஒரு படி தவிடு அளந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிச்சை என்று பெயர் வைத்தாள். “எனக்காக நீ வளத்துக் குடு தங்கச்சி” என்று திரும்பப் பிரம்மநாயகியின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். எமன் வந்து கேட்டால் இந்த வீட்டில் எங்கள் பிள்ளை என்று யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம். முட்டாள்தனம் என்பீர்கள். மூன்று பிள்ளைகளைக் குழியில் இறக்கிவிட்டு வந்து அப்புறம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பெற்றவள் தன் வாயால் “என் பிள்ளை” என்று சொல்லக்கூடாது. சொன்னால் விற்றது செல்லாது. இரண்டு வருஷமாகப் பிரம்மநாயகி அதைச் சொல்லவில்லை. பால் கொடுக்க உட்காரும்போதுகூட, “அலிமா பிள்ளைக்குப் பசிச்சிட்டு” என்றுதான் சொல்வாள். சொல்லும்போது உச்சிமோந்து முத்தமிடுவாள். அதை எமன் கணக்கில் எடுக்கமாட்டான் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

மாசி மாதம் நிலவரிக் கிஸ்து வசூலுக்காகக் குற்றாலலிங்கம் அம்பாசமுத்திரம் போயிருந்தார். பிச்சைக்குச் சளி நெஞ்சைக் கட்டிக்கொண்டது. மூச்சு இழுக்க இழுக்க விலா எலும்பு உள்ளே போய் வந்தது. பக்கத்து வீட்டுச் சந்தனமாரி தன் பிள்ளைக்குச் சீட்டு வாங்கும்போது இதற்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தாள். காலையில் இரண்டு பேருமாகப் போனார்கள். பிரம்மநாயகியின் முறை வந்தது.

“பிள்ளை பேரு?” என்றார் சிவசைலம்.

“பிச்சை.”

“நீதானே பெத்தவ?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “வளக்கேன்யா.”

“வளக்கியா? அப்பம் பெத்தவ எங்கன?”

“மேலப்பாளையத்துல.”

சிவசைலம் பேனாவைக் கீழே வைத்தார். “பலகையில என்ன எழுதியிருக்கு? போய்ப் பெத்தவளைக் கூட்டிட்டு வா.”

சந்தனமாரி பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டாள். “ரைட்டரய்யா, அவ பெத்த பிள்ளதான். தவிட்டுக்கு வித்தது. ஒங்களுக்குத் தெரியாத வழக்கமா?”

“நல்லாத் தெரியும். அதை அவ வாயால சொல்லட்டும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் பெக்கவே இல்லைன்னு இவ சொல்லிருவா. கோர்ட்டுல போய் நீயா நிப்பே?”

எல்லாரும் பிரம்மநாயகியைப் பார்த்தார்கள். இரண்டே வார்த்தை. அவள் வாய் திறந்து மூடியது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு மாட்டுவண்டி பிடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் மணியைத் தட்டினார். அடுத்த பிள்ளை உள்ளே போயிற்று.

வண்டி ஆற்றுப் பாலம் தாண்டி மேலப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. தறி வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அலிமா பீவி பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் போட்டது போட்டபடி எழுந்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

“அல்லா, என்ன தங்கச்சி, இந்த இழுப்பு இழுக்குது? நீயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

“சொன்னாப் போயிரும் யக்கா.”

வழி நெடுக அலிமா பிள்ளையின் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. சந்தனமாரி மட்டும் மருந்து வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள்.

“நீதான் தாயா?” என்று சிவசைலம் அலிமாவிடம் கேட்டார்.

“ஆமாய்யா. எம்பிள்ளதான்.”

“வாங்குனதைக் கேக்கல. நீ பெத்ததா?”

துணி விற்பதில் ஒரு விரற்கடை குறைத்து அளக்காதவள் அலிமா. பிரம்மநாயகியை ஒரு பார்வை பார்த்தாள். “நான் பெத்ததுதான்” என்றாள்.

சிவசைலம் சிரித்தார். “சாயபு வீட்டுப் பிள்ளைக்கு நெத்தி நெறையத் திருநீறா? ரெண்டு பேருமாச் சேந்து என்னையக் கேனையன்னு நெனச்சியளோ? போலீசைக் கூப்பிடுதேன். பிள்ளை யாருதுன்னு அவன் கேட்டுக்கிடட்டும்.”

பிச்சையின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பிரம்மநாயகி அவனை அலிமாவின் கையிலிருந்து பிடுங்கினாள்.

“என் பிள்ளை! நான் பெத்த பிள்ளை! போதுமாய்யா? என் பிள்ளை! என் பிள்ளை!”

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கேட்டிருக்கக்கூடாததைக் கேட்டவள்போல அலிமா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். சிவசைலம் மட்டும் நிதானமாக எழுதி முடித்தார்.

“இதைக் காலையிலயே சொல்லியிருந்தா எப்பமோ பாத்துட்டுப் போயிருக்கலாம்லா” என்றார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பம் மணி பத்து தாண்டிட்டு. ஐயா மாடிக்குப் போயிட்டாவ.”

மாடியில் ஊஞ்சல் ஆடுகிற சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் கெஞ்சினார்கள். அலிமா கையெடுத்துக் கும்பிட்டாள். சிவசைலம் ஈரமில்லாதவர் என்று சொல்லக்கூடாது. சாயங்காலம் வந்து வரிசையில் நிற்கவேண்டாம் என்று மறுநாள் காலைக்கான முதல் சீட்டை அப்போதே எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு! நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மத்தியானம் நாட்டு வைத்தியர் வந்து, மாந்தம் என்று சொல்லி ஒரு கஷாயம் கொடுத்தார். அது உள்ளே இறங்கவில்லை. விடியுமுன் பிச்சை போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஏன் வாயைத் திறந்தாள்? ரெண்டு வருஷம் காத்த வாயை ஒரு நாள் காக்க முடியவில்லையா? சந்தனமாரி பத்து மணி சங்கதியை எடுத்தாள். அது யார் காதிலும் ஏறவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்த குற்றாலலிங்கமும் அதையே கேட்டார். இங்கிலீஷ் படித்தவர், தாலுகா கச்சேரியில் உத்தியோகம்.

“ஒன்னைய யாருட்டி சொல்லச் சொன்னா?”

“கேட்டாவ” என்றாள் பிரம்மநாயகி.

நடையில் வந்து நின்ற அலிமாவைப் பார்த்தும் அவர் கத்தினார். “நான் பெத்ததுன்னு சொன்னவ, கடைசிமட்டும் அதுலயே நிக்கக் கூடாதா?” அலிமா அழுதுகொண்டே திரும்பிப் போனாள். பிரம்மநாயகி அவளைக் கூப்பிடவில்லை. தன் வாய்தான் பிள்ளையைக் கொன்றது என்று அவளே நம்பிவிட்டாள். எனக்கு ஆறாதது அதுதான்.

ஒரு வாரம் சென்று, குற்றாலலிங்கம் டாக்டர் வீட்டுப் பக்கம் போகிறார் என்றதும் தெருவே எட்டிப் பார்த்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. டாக்டர், இவருக்கு மேலதிகாரியான தாசில்தாருக்கு வேண்டியவர். டாக்டர் வாசலில் தன் பெண்சாதி கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளப் போனார்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“சிவசைலம் அண்ணாச்சி மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. தங்கமான மனுசன். அடுத்த பிள்ளைக்காவது மொதல்லயே தாய்னு சொல்லிரச் சொன்னாவ.”

பிரம்மநாயகி சோற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அடுத்தது பொறந்தா அவுகளுக்கே வித்துருவோம். தவிடுகூட வேண்டாம். ரைட்டர் வீட்டுப் பிள்ளைன்னா பத்து மணிக்கு மேலயும் பாப்பாவல்லா?”

குற்றாலலிங்கம் இலையைப் பார்த்துக்கொண்டே, “மோரை ஊத்து” என்றார்.