அரக்கு வைத்த வாரம்

அந்தச் சோப்புத் தொழிற்சாலைப் பக்கம் அவர் வந்தே பதினெட்டு வருஷம் இருக்கும். ஒரு காலத்தில் அரசாங்க ஆய்வாளராக மாதம் தவறாமல் வந்தவர்தான். யார் எத்தனை சோப்பு செய்யலாம் என்பதை அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உரிமத்தில் மாதத்துக்கு நாற்பதாயிரம் கட்டி என்று எழுதியிருந்தால் நாற்பதாயிரம்தான். ஊரே குளிக்காமல் நாறினாலும் அதற்கு மேல் ஒரு கட்டிகூடக் கூடாது. இருபத்து நாலாம் தேதி வாக்கில் அந்தக் கணக்கு முடியும். உடனே அவர் வந்து, வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியைக் கம்பியால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரையை அழுத்திவிட்டுப் போவார். முதல் தேதி அவரே வந்து உடைக்கும்வரை முதலாளியே ஆனாலும் அதைத் தொட முடியாது. தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் ‘அரக்கு சார்’.

அதெல்லாம் ராஜ வாழ்க்கை. அவர் தலை தெரிந்ததும் மின்விசிறிக்கு நேராக நாற்காலி வரும், டீ வரும். முத்திரை வைத்துவிட்டு வெளியே வந்தால் முற்றத்தில் ஒரே கலகலப்பாக இருக்கும். ஆண்கள் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள். பெண்கள் முதலாளியைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டிச் சிரிப்பார்கள். தான் வந்தாலே இவர்களுக்குக் கொண்டாட்டம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் அரசாங்கம் கொள்கையை மாற்றியது. யாரும் எவ்வளவும் செய்துகொள்ளலாம், வெளிநாட்டுச் சரக்கும் தாராளமாக வரலாம் என்றார்கள். இந்தத் தொழிற்சாலை மூன்று ஷிப்டு ஓட ஆரம்பித்தது. அவரைத் தூசி படிந்த கோப்புகளோடு ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அங்கேயே ஓய்வும் பெற்றார். அவருடைய மகள் வேலை பார்த்த கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலை, கப்பலில் மலிவாக வந்திறங்கிய புட்டிகளோடு மல்லுக்கட்ட முடியாமல் போன மாதம் இழுத்து மூடப்பட்டது. கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள் வேறு. அவளுக்கு இங்கே ஒரு வேலை கேட்கத்தான் இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வேலைக்கு ஆள் எடுக்கிற மேற்பார்வையாளர் அம்மாவை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அந்தக் காலத்தில் காகிதம் சுற்றும் மேசையில் நின்ற ஒல்லிப் பெண். இப்போது கண்ணாடித் தடுப்புக்குள் தனி அறை, மேசையில் இரண்டு தொலைபேசி.

“வாங்க அரக்கு சார், உக்காருங்க” என்று அந்த அம்மா சிரித்தாள்.

வந்த காரியத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. பழைய கதையை எடுத்தார்.

“அப்பல்லாம் மாசக் கடைசின்னா இங்க எவ்வளவு சந்தோஷமா இருப்பீங்க. எனக்குக் காய்ச்சல் வந்து மூணு நாள் லேட்டா வந்தேனே, ஞாபகம் இருக்கா? ஐயாயிரம் கட்டி கூடுதலா ஓடிருச்சு. நினைச்சிருந்தா மறைச்சிருக்கலாம். நானே மேல எழுதிப் போட்டு, அத்தனையையும் உருக்க வெச்சேன்.”

வீட்டில் நூறு முறை சொன்ன கதை அது. நேர்மைக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதக்கம்.

அந்த அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. “ஞாபகம் இருக்கு சார். உருக்கின சோப்புக்குக் கூலி இல்லன்னு முதலாளி அந்த மூணு நாளைப் பிடிச்சுக்கிட்டாரு. அதை நம்பி என் பையனுக்குச் செருப்பு வாங்கியிருந்தேன். திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்.”

அவர் இஸ்திரி போட்ட சட்டையின் நுனியை நீவிவிட்டுக்கொண்டார்.

“நீங்க அரக்கு வெச்சா மாசாமாசம் ஒரு வாரம் எங்களுக்குக் கூலி கிடையாது. வீட்டுல உக்காந்தா பசிக்கும்னு இங்க வந்து உக்காந்து சிரிச்சுட்டிருந்தோம். இப்ப எல்லார் வீட்டுலயும் அடுப்பு எரியுது. ஆனா ஒண்ணு சார், அந்த மாதிரி சேர்ந்து உக்காந்து சிரிக்கறதுக்குத்தான் நேரமே இல்ல. அதை நினைச்சா எனக்கும் ஏக்கமாத்தான் இருக்கு.”

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது அவருக்கு. மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

“எனக்குத் தெரியாதும்மா. கேட்டிருக்கணும், கேக்கல” என்றார். பிறகு தலையைக் குனிந்தபடியே, “என் பொண்ணுக்கு ஒரு வேலை கேட்டு வந்தேன்” என்றார்.

அந்த அம்மா மகளைப் பற்றி நாலு கேள்வி கேட்டாள். பழசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “திங்கக்கிழமை வரச் சொல்லுங்க” என்றாள்.

வெளியே முற்றம் முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். உட்கார இடமில்லை. நின்றபடியே கைபேசியில் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் சந்தோஷத்தில் அதைப் பிள்ளைகளிடம் கத்திச் சொல்வது கேட்டது.

“சம்பளம் எவ்வளவாம்பா?”

நாற்பதாயிரம் கட்டியை ஒன்று பிசகாமல் எண்ணியவர் அதைக் கேட்க மறந்திருந்தார்.

“மாசம் முழுக்கக் குடுப்பாங்கம்மா” என்றார்.