கேட்பவர் பணியிடம்

எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் நான் கேட்பவராக வேலை பார்க்கிறேன். விக்டோரியா காலத்துக் கவிதைகள் சிலவற்றில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே போவார். எதிரே ஒருவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் புலம்பல். புலம்பல் பாடத்திட்டத்தில் இல்லை.

கவிதையில் பேசுகிறவர் வகுப்புக்கு நேரில் வந்துவிடுவார். இந்தப் பருவத்தில் ஒரு கண்ணாடி ஆலை முதலாளி. கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் போகச் சொல்லும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது.

ஒரு நாள் மதியம் என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. "உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள வந்துருங்க. ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல இருந்தாப் போதும்" என்று சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கும் வாய்க்குப் பூட்டா அண்ணாச்சி?" என்றாள் முன்வரிசை மாணவி ஷெரின். தலையாட்டினேன்.

முதலாளி தொடங்கினார். "என் தம்பிமேல் எனக்குப் பொறாமையே கிடையாது."

மாணவர்கள் பாடப் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்கள். ஒருவர் தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லும் இடத்தில் கோடு போட வேண்டும் என்பது பேராசிரியை ஜெபராணி சொல்லிக்கொடுத்தது.

"அவன் உலைக்குள் விழுந்தபோது நான் பக்கத்தில் நிற்கவேயில்லை."

மறுபடியும் கோடு.

பிறகு அவர் தம்பியின் குழந்தைப் பருவத்துக்குப் போனார். அங்கிருந்து திரும்பிவர மாலையாகிவிடும். நான் கதவைப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை.

அவர்தான் தம்பியைக் கொன்றவர் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். முகத்தில் காட்டியதில்லை. அது பண்பா, பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று காட்டினேன்.

பேச்சு நின்றது.

"ஏன் அப்படிப் பார்க்கிறீர்? எழுந்து போம், அய்யா!"

"அதான் சொல்லிட்டாருல்ல, ஓடுங்க அண்ணாச்சி" என்றாள் ஷெரின்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்தேன். தங்கபுஷ்பம் பேசினாள். சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது, மாடித் தொட்டி நிரம்பினால் எந்தச் சத்தம் வரும் என்றெல்லாம். அவள் பேசப் பேச மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிலைச் சுற்றி நின்று புத்தகத்தைத் திறந்தார்கள். அவள் பேசுவது அதில் இருந்தது. கடைசியாக முதலாளி வந்தார். கோட்டைக் கழற்றி அவள் கால்களில் போர்த்தினார்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றாள்.

எல்லோரும் கோடு போட்டார்கள். என்னிடம் புத்தகம் இல்லை. அவள் உள்ளங்கையில் விரலால் போட்டேன்.