வெள்ளியோடு முடிந்த டைரி

"ஹிஸ்டரிய மட்டும் அழிச்சீங்களா, எல்லாத்தையும் டிக் பண்ணீங்களா?"

"எல்லாத்தையும்தான். லேப்டாப் ஸ்லோவா போவுதேன்னு தொடைச்சேன் வெண்ணிலா."

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெண்ணிலா நெற்றியில் கை வைத்தாள். எதிரே அமலோற்பவமேரி. கணவர் இன்னாசிராஜ் இறந்து நாற்பது நாள் ஆகிறது. தினம் இரண்டு வரி டைரி அவர் எழுதியது அந்த லேப்டாப்பில்தான்.

"அந்த டைரி ப்ரவுசருக்குள்ளயே இருக்கறது, அக்கா. வேற எங்கயும் போவாது. நீங்க தொடைச்சதுல அதுவும் போயிடுச்சு. பேக்கப் எதுனா எடுத்தாரா?"

"மாசா மாசம் சர்ச்சுல முதல் வெள்ளி பூசை பார்த்துட்டு வந்து இந்தப் பென்டிரைவ்ல ஏத்துவாரு. என்னமோ சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றாப்பல."

சண்டை போட்டுக்கொண்டு மேரி திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுவாரம் வியாழனன்று அவருக்கு மாரடைப்பு. இடையில் ஒரு போன்கூட இல்லை. அந்த நாட்களில் தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பென்டிரைவில் இருந்ததை வெண்ணிலா டைரிப் பக்கத்தில் ஏற்றினாள். தேதிகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

"படிக்கட்டுமா அக்கா? புதன். 'கேப்பைக் களி நானே கிண்டினேன். ஒரே கட்டி.'"

"தண்ணி கொதிக்கறதுக்குள்ள மாவைக் கொட்டியிருப்பாரு. எல்லாம் ஜல்திதான். அப்புறம்?"

"வியாழன். 'போனை எடுத்தேன். அவளே பண்ணட்டும்னு வச்சிட்டேன்.'"

"நானும் அதத்தான் பண்ணிக்கினு இருந்தேன்."

"வெள்ளி. 'பூசைக்குப் போனேன். ஞாயிறு திண்டிவனம் போய் மேரியைக் கூட்டி வரணும்.'"

மேரி நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள். "ஞாயிறு?"

"பேக்கப் வெள்ளியோட முடிஞ்சிடுச்சுக்கா."

"எங்கனா இருக்கும், பாரும்மா."

"இல்லக்கா. போனது போனதுதான்."

"ஞாயித்துக்கிழமை அம்மா வீடு பூட்டிக் கிடந்துச்சு வெண்ணிலா. மாமா பேத்தி சர்ச்சுல முதல்முதலா நன்மை வாங்குற புதுநன்மைக்கு எல்லாரும் செஞ்சி போய்ட்டோம். அவரு வந்தாரா, வரலையா?"

"பக்கத்து வீட்டுல கேளுங்களேன்."

"அவங்களும் எங்க வேன்லதான் இருந்தாங்க."

திரையில் ஞாயிறு காலியாக இருந்தது.

"அங்க நான் சொல்றத அடி."

"அவரு டைரியாச்சேக்கா!"

"கோச்சிக்கறதுக்கு அவரு இருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்? அடி. 'செஞ்சிக்குப் போயிருந்தேன். ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டேன். செத்த நேரம் படியில உக்காந்திருக்கக் கூடாதா?'"

வெண்ணிலா அடித்தாள்.